ஒரு கணினி, பன்னிரண்டு புரொஜெக்டர்கள்: தொலைவிலிருந்து கட்டுப்படுத்துவது எப்படி நடக்கிறது?

அரங்கின் கூரையில் பன்னிரண்டு புரொஜெக்டர்கள் வரிசையாகத் தொங்குகின்றன. நிகழ்ச்சி தொடங்க இன்னும் கால் மணி நேரம்தான். கீழே ஒருவர் ரிமோட்டும் கையுமாக, அண்ணாந்து பார்த்தபடி ஒவ்வொன்றாக ஆன் செய்துகொண்டே வருகிறார். ஏழாவது கேட்கவில்லை. இரண்டடி தள்ளி நின்று மறுபடி அழுத்துகிறார். ஏழாவது எரியத் தொடங்குகிறது. ஆனால் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த ஆறாவதும் அதே அழுத்தலைப் பிடித்துக்கொண்டு, 'அணைக்கவா?' என்று திரையில் கேட்கிறது. இந்தக் காட்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ரிமோட்டும் கையுமாக நின்றவன் நானாகவும் இருந்திருக்கிறேன்.

அப்போது பக்கத்தில் நிற்பவர் தவறாமல் ஒன்று கேட்பார்: "எல்லாம் கம்ப்யூட்டரோடதானே கனெக்ட் ஆகியிருக்கு, அங்கிருந்தே ஆன் பண்ண முடியாதா?"

முடியும். ஆனால் அந்தக் கேள்வியில் இரண்டு குழப்பங்கள் இருக்கின்றன. படம் அனுப்பும் கேபிள் இருந்தாலே கட்டுப்பாடும் கைக்கு வந்துவிடும் என்பது ஒன்று. கட்டளை அனுப்பிவிட்டாலே வேலை முடிந்துவிடும் என்பது மற்றொன்று. புரொஜெக்டர்களைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்துவது பற்றி நடக்கும் பேச்சில் பெரும்பாலும் இந்த இரண்டும்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கும் புரியும்படி, அடியிலிருந்து பார்ப்போம்.

படம் போகும் பாதை வேறு, கட்டளை போகும் பாதை வேறு

மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. கீழிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் ஏறுகிறது. மோட்டாரை இயக்கும் சுவிட்ச் சுவரில் இருக்கிறது, அதற்கு ஒரு மின்கம்பி தனியாகப் போகிறது. குழாய் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் குழாயைத் திருகி மோட்டாரை ஓட வைக்க முடியாது.

கணினியிலிருந்து புரொஜெக்டருக்குப் போகும் எச்டிஎம்ஐ கேபிள் அந்தக் குழாய் மாதிரி. படத்தையும் ஒலியையும் கொண்டுசேர்ப்பது அதன் வேலை. ஆன், ஆஃப், எந்த உள்ளீட்டைக் காட்டுவது, படத்தை மறைப்பது போன்ற கட்டளைகளுக்கு வேறு கம்பி வேண்டும்.

"இல்லையே, நான் லேப்டாப்பை மூடினதும் புரொஜெக்டர் தானா அணைஞ்சுதே" என்பார்கள் சிலர். அணைந்திருக்கும், பொய்யில்லை. படம் எதுவும் வராமல் குறிப்பிட்ட நிமிடங்கள் கடந்தால் தானே அணைந்துகொள்ளும் அமைப்பு பெரும்பாலான புரொஜெக்டர்களில் உண்டு. அங்கே யாரும் அதை அணைக்கச் சொல்லவில்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று அதுவே பார்த்துப் படுத்துக்கொண்டது. இதைக் கட்டுப்பாடு என்று நம்பி நிகழ்ச்சியைத் திட்டமிட்டால், கணினி ஒருமுறை மறுதொடக்கம் ஆகும்போது பாதி நிகழ்ச்சியில் திரை இருண்டுபோகும்.

எச்டிஎம்ஐ கேபிளுக்குள்ளேயே சிஇசி என்ற ஒரு சின்னக் கட்டளைப் பாதையும் உண்டு. வீட்டில் டிவியை ஆன் செய்தால் ஒலிப்பெட்டியும் சேர்ந்து ஆன் ஆவது அதனால்தான். ஆனால் அது ஓர் அறைக்குள் இருக்கும் சில சாதனங்களுக்காகச் செய்தது. எல்லாப் புரொஜெக்டர்களிலும் அது கிடையாது. கணினிகளின் எச்டிஎம்ஐ வாய்களில், அதாவது கேபிள் செருகும் இடங்களில், பெரும்பாலானவை அதைப் பேசுவதும் இல்லை. பன்னிரண்டு புரொஜெக்டர்களுக்கு அதை நம்பி இறங்க வேண்டாம்.

ரிமோட் ஏன் போதவில்லை

ரிமோட் என்ன செய்கிறது என்று பார்த்தால்தான் கணினி என்ன செய்ய வேண்டும் என்பது புரியும். ரிமோட்டின் முனையில் இருக்கும் சின்ன விளக்கு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை விட்டு விட்டு அடிக்கிறது. பெரும்பாலான ரிமோட்களில் அந்த ஒளி நொடிக்கு ஏறத்தாழ 38,000 முறை துடிக்கும். அறை விளக்கு, வெயில் போன்ற மற்ற ஒளிகளிலிருந்து தன்னைப் பிரித்துக் காட்டவே இந்தத் துடிப்பு. துடிப்புகள் வந்து நிற்கும் முறையை வைத்து எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்று புரொஜெக்டர் கண்டுகொள்கிறது.

இதில் மூன்று குறைகள். ஒளி என்பதால் நேர்ப்பார்வை வேண்டும், நடுவே ஒரு தூண் வந்தாலும் போச்சு. ஒரே மாடல் புரொஜெக்டர்கள் எல்லாம் ஒரே சைகைக்குத் திரும்பும், ஆறாவதைத் தவிர்த்து ஏழாவதை மட்டும் கூப்பிடுவது சிரமம். சில நிறுவனங்களின் ரிமோட்டில் ஒவ்வொரு புரொஜெக்டருக்கும் ஓர் அடையாள எண் கொடுத்து அதை மட்டும் கூப்பிட வழி இருக்கிறது, அது ஓரளவு உதவும்.

மூன்றாவது குறைதான் பெரியது. ரிமோட்டுக்குக் காது கிடையாது. அது கத்திவிட்டுப் போய்விடுகிறது. கேட்டதா, கேட்டும் செய்ய முடியவில்லையா, ஏற்கெனவே ஆன் ஆகித்தான் இருந்ததா என்று அதற்குத் தெரியாது. கீழே நிற்கும் மனிதரின் கண்தான் அந்தக் காதாக வேலை செய்கிறது. அந்தக் கண்ணை எடுத்துவிட்டு ரிமோட்டின் ஒளியை மட்டும் கணினியிலிருந்து அடிக்கச் செய்தால், குருட்டுத்தனமாகப் பொத்தான் அழுத்தும் இயந்திரம்தான் கிடைக்கும். அதிலும் ஆனுக்கும் ஆஃபுக்கும் ஒரே பொத்தான் உள்ள ரிமோட் என்றால் கேட்கவே வேண்டாம். எது எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் அழுத்துவது நாணயம் சுண்டுவதற்குச் சமம்.

சுருக்கமாக, இதுவரை பார்த்தது: படத்துக்கு ஒரு பாதை, கட்டளைக்கு வேறொரு பாதை. கட்டளைப் பாதை இருபக்கமும் பேசக்கூடியதாக இருக்க வேண்டும். சொல்லவும் வேண்டும், கேட்கவும் வேண்டும்.

முதல் பேசும் கம்பி: ஆர்எஸ்-232

புரொஜெக்டரின் பின்பக்கத்தில் ஒன்பது ஊசிகள் கொண்ட, சரிவக வடிவத்தில் ஒரு பழைய வாய் இருக்கும். அதுதான் ஆர்எஸ்-232, சீரியல் போர்ட் என்று சொன்னால் பலருக்கும் புரியும். 1960-ல் வந்த தரம். ஒவ்வோர் எழுத்தையும் 0, 1 என்ற பிட்களாக உடைத்து, ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கம்பியில் அனுப்புவதால் சீரியல் என்று பெயர். போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி, பொதுவான தரை ஒன்று. அவ்வளவு எளிமை. அந்த எளிமையால்தான் இன்றும் பல பெரிய அரங்குகளில் இது சலிக்காமல் உழைக்கிறது.

தொந்தரவு இரண்டு இடத்தில் வரும். ஒன்று வேகம். இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் பேச வேண்டும். நொடிக்கு 9,600 பிட் என்பது மிகவும் வழக்கமான அமைப்பு, ஆனால் உங்கள் புரொஜெக்டர் எந்த வேகத்தில் இருக்கிறது என்று கையேட்டைப் பார்த்துவிடுங்கள். வேகம் மாறினால் பதில் கிறுக்கல் எழுத்துகளாக வரும், சில சமயம் வராமலும் போகும். இன்னொன்று கம்பி. நான் பேசும் கம்பி உங்கள் காதில் முடிய வேண்டும், உங்கள் வாய் என் காதில். இதற்காகச் சில சாதனங்களுக்குக் குறுக்காக மாற்றிப் பின்னிய கேபிள் தேவைப்படும், சிலவற்றுக்கு நேர் கேபிள். கிறுக்கல் வந்தால் வேகத்தைப் பாருங்கள். ஒன்றுமே வராவிட்டால் முதலில் கேபிளைப் பாருங்கள்.

இதன் எல்லை என்னவென்றால் ஒரு கம்பிக்கு ஒரு புரொஜெக்டர்தான். தூரமும் ஏறத்தாழ 15 மீட்டர் என்றுதான் வழக்கமாகச் சொல்வார்கள். பன்னிரண்டு புரொஜெக்டர் என்றால் பன்னிரண்டு நீளக் கம்பிகளும் கணினியில் பன்னிரண்டு வாய்களும் வேண்டும். அங்கேதான் நெட்வொர்க் உள்ளே வருகிறது.

நெட்வொர்க்: தெருவும் கதவு எண்ணும்

அலுவலகக் கணினிகளை இணைக்கும் அதே லேன் கேபிளை ஒவ்வொரு புரொஜெக்டரிலும் செருகி, எல்லாவற்றையும் ஒரு ஸ்விட்சில் கொண்டுவந்து சேர்க்கலாம். பல லேன் கேபிள்கள் ஒன்றுகூடி, யாருக்கு வந்ததை யாரிடம் கொடுப்பது என்று பார்த்துக்கொடுக்கும் பெட்டிதான் ஸ்விட்ச். கணினியிலிருந்து அந்தப் பெட்டிக்கு ஒரே ஒரு கேபிள் போதும்.

ஒரே தெருவில் பன்னிரண்டு வீடுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முகவரி உண்டு, அதுதான் ஐபி முகவரி: 192.168.1.101 போல நான்கு எண்கள். ஒரு வீட்டுக்குள் பல வாசல்கள், வேலைக்கு ஏற்ப ஒவ்வொரு வாசலுக்கும் ஓர் எண், அதுதான் போர்ட் எண். புரொஜெக்டரின் அமைப்புப் பக்கத்தை இணைய உலாவியில் பார்க்க 80-ஆம் வாசலுக்குப் போவோம். கட்டளை பேச வேறொரு வாசல், அதற்குப் பிறகு வருகிறேன்.

முகவரி தானாகக் கிடைக்கும்படி விடலாம், நாமே நிரந்தரமாகவும் எழுதிவைக்கலாம். பல புரொஜெக்டர்களைக் கட்டுப்படுத்தும் இடத்தில் நிரந்தர முகவரிதான் சரி என்பது என் உறுதியான கருத்து. தானாகக் கிடைக்கும் முகவரி மின்சாரம் போய்வந்த பிறகு மாறிவிடலாம். மாறினால், மேடையின் இடதுபுறத்தை அணைக்கச் சொன்னால் வலதுபுறம் அணையும். எண்ணைத் தொங்கும் வரிசைப்படியே கொடுங்கள்: முதல் புரொஜெக்டர் 101, ஏழாவது 107. அந்த எண்ணைப் புரொஜெக்டரின் அடியில் ஒட்டியும் வையுங்கள். இருட்டில் ஏணியில் நிற்பவருக்கு அந்த ஒட்டுத்தாள் பெரிய உதவி.

இங்கே இரண்டு குழிகள் உண்டு. இரண்டிலும் நான் விழுந்திருக்கிறேன்.

முதலாவது, ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு வாய்கள். இன்றைய பெரிய புரொஜெக்டர்கள் பலவற்றில் எச்டிபேஸ்டி என்ற வாய் இருக்கும். படம், ஒலி, கட்டளை எல்லாவற்றையும் ஒரே நெட்வொர்க் கேபிளில் 100 மீட்டர் வரை அனுப்பும் முறை அது. கேபிளும் அதே, செருகும் வாயும் அதே வடிவம். ஆனால் அதில் ஓடுவது சாதாரண நெட்வொர்க் சமிக்ஞை கிடையாது. அதை ஸ்விட்சில் செருகினால் எதுவும் நடக்காது. ஒரு முறை எட்டுப் புரொஜெக்டர்கள் உள்ள கூடத்தில் ஒன்று மட்டும் பேசவே மறுத்தது. முகவரியை மாற்றினோம், ஸ்விட்சை மாற்றினோம், கேபிளைப் புதிதாகக் கிரிம்ப் செய்தோம். இரண்டு மணி நேரம் கழித்து நான் ஏணியில் ஏறிப் பின்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்த்தபோது, கேபிள் லேன் வாயிலிருந்து ஒரு விரல் தள்ளி, எச்டிபேஸ்டி வாயில் உட்கார்ந்திருந்தது. செருகியவன் நான்தான். அன்றிலிருந்து, வாய்க்கு மேல் எழுதியிருப்பதைப் படிக்காமல் நான் எதையும் செருகுவதில்லை.

இரண்டாவது, ஆழ்ந்த தூக்கம். அணைத்த பிறகும் புரொஜெக்டர் முழுதாகச் செத்துவிடுவதில்லை, சிறிது மின்சாரத்தில் விழித்துக் காத்திருக்கும். இதை ஸ்டாண்ட்பை என்கிறோம். மின்சாரத்தை இன்னும் மிச்சப்படுத்தும் ஸ்டாண்ட்பை ஒன்றும் மெனுவில் உண்டு. அதைத் தேர்ந்தால் பல மாடல்களில் நெட்வொர்க் பகுதியும் சேர்ந்து தூங்கிவிடும். விளைவு விசித்திரமாக இருக்கும்: கணினியிலிருந்து அணைக்க முடிகிறது, மறுபடி எழுப்ப மட்டும் முடிவதில்லை. காது மூடிய ஆளை எப்படி எழுப்புவது? மெனுவில் ஸ்டாண்ட்பையின்போது நெட்வொர்க் விழித்திருக்கும் தேர்வைப் போட்டுவிட்டால் தீர்ந்தது. 'ஆஃப் ஆகுது, ஆன் ஆகலை' என்று யார் சொன்னாலும் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்.

பொதுவான மொழி: பிஜேலிங்க்

கம்பி இருக்கிறது, முகவரி இருக்கிறது. தொலைபேசி இணைப்பு கிடைத்துவிட்டது, ஆனால் எந்த மொழியில் பேசுவது? இரண்டு சாதனங்கள் எந்தச் சொல்லுக்கு என்ன பொருள், யார் முதலில் பேசுவது, வாக்கியம் எங்கே முடிகிறது என்று முன்கூட்டியே ஒத்துக்கொள்ளும் விதிகளின் தொகுப்புக்கு நெறிமுறை என்று பெயர்.

ஒவ்வொரு நிறுவனத்துக்கும் சொந்த நெறிமுறை உண்டு. எப்சனுக்கு ஒன்று, பானசோனிக்குக்கு ஒன்று, என்இசிக்கு ஒன்று. இரண்டு மூன்று நிறுவனப் புரொஜெக்டர்கள் கலந்திருந்தால் தலைவலிதான். இதற்காக ஜப்பானின் அலுவலக இயந்திரத் தொழில் சங்கமான ஜேபிஎம்ஐஏ ஒரு பொதுமொழியை வகுத்தது. அதுதான் பிஜேலிங்க். நெட்வொர்க் வாய் உள்ள பெரும்பாலான தொழில்முறைப் புரொஜெக்டர்கள் இதைப் பேசும். இதற்கான வாசல் எண் 4352.

அந்த உரையாடலைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். கணினி அந்த வாசலைத் தட்டியதும் புரொஜெக்டர் முதலில் பேசுகிறது: தன் மொழியின் பெயரைச் சொல்லி, பக்கத்தில் 0 அல்லது 1 போடுகிறது. 0 என்றால் கடவுச்சொல் தேவையில்லை. 1 என்றால் தேவை, கூடவே எட்டு எழுத்தில் ஒரு புதுச் சீட்டு எண்ணும் தரும். கணினி அந்தச் சீட்டையும் கடவுச்சொல்லையும் சேர்த்து அரைத்து, அரைத்த மாவை மட்டும் திருப்பி அனுப்பும். புரொஜெக்டரும் தன்னிடம் இருப்பதை அதே மாதிரி அரைத்துப் பார்த்து, இரண்டும் ஒன்றாக இருந்தால் உள்ளே விடும். கடவுச்சொல் கம்பியில் அப்படியே போவதில்லை. சீட்டு ஒவ்வொரு முறையும் மாறுவதால், ஒட்டுக்கேட்டவர் பழைய மாவை மறுபடி அனுப்பியும் பயனில்லை.

அடுத்தது கட்டளை. அடிப்படைக் கட்டளைகள் எல்லாம் ஒரே அச்சு: சதவீதக் குறி, 1 என்ற எண், நான்கு எழுத்துச் சொல், ஓர் இடைவெளி, அதன் பிறகு என்ன வேண்டும் என்பது. பவர் என்பதைக் குறிக்கும் நான்கெழுத்தை எழுதி 1 போட்டால் ஆன், 0 போட்டால் ஆஃப், கேள்விக்குறி போட்டால் 'இப்போது எப்படி இருக்கிறாய்?' என்று பொருள். கேள்விக்குறி போட முடிகிறது பாருங்கள், ரிமோட்டிடம் இல்லாத காது இதுதான்.

கடைசியில் எண்டர் தட்டியதற்குச் சமமான ஒரு முடிவுக்குறி கட்டாயம். அது போகாவிட்டால் நாம் இன்னும் பேசி முடிக்கவில்லை என்று புரொஜெக்டர் பொறுமையாகக் காத்திருக்கும். பதிலும் வராது, பிழையும் வராது. சொந்தமாக நிரல் எழுதிப் பார்ப்பவர்கள் முதல் நாளில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்தக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில்தான். அதே போல, 30 நொடி எதுவும் பேசாமல் இருந்தால் புரொஜெக்டர் இணைப்பைத் துண்டித்துவிடும். அதைப் பழுது என்று நினைத்துப் பயப்பட வேண்டாம், மொழியின் விதியே அதுதான்.

இதே மொழியில் விளக்கு எத்தனை மணி நேரம் எரிந்திருக்கிறது என்று கேட்கலாம். உடல்நிலையும் கேட்கலாம். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அது. பதிலாக ஆறு இலக்கம் வரும்: விசிறி, விளக்கு, வெப்பம், மூடி, வடிகட்டி, மற்றவை என்ற வரிசையில். ஒவ்வொன்றும் 0 என்றால் நலம், 1 என்றால் எச்சரிக்கை, 2 என்றால் பழுது. 000010 என்று ஒரு புரொஜெக்டர் காலையில் பதில் சொன்னால், அதன் வடிகட்டியில் தூசி அடைத்திருக்கிறது, இன்றே சுத்தம் செய்துவிடலாம் என்று பொருள். ஏணி இல்லாமல், ரிமோட் இல்லாமல், நிகழ்ச்சி நடுவே சூடேறித் தானே அணைவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது.

இதுவரை: லேன் கேபிள் தெரு, ஐபி முகவரி வீடு, போர்ட் வாசல், பிஜேலிங்க் பேசும் மொழி. அந்த மொழியில் கட்டளையும் உண்டு, கேள்வியும் உண்டு.

'ஆன்' என்று சொன்னதும் ஆன் ஆகிவிடாது

ஆன் கட்டளை அனுப்பினோம். 'சரி' என்று பதில் வந்தது. அப்படியென்றால் புரொஜெக்டர் ஆன் ஆகிவிட்டதா? இல்லை. 'சரி' என்பதன் பொருள் 'சொன்னது காதில் விழுந்தது, தொடங்குகிறேன்' என்பது மட்டும்தான்.

விளக்கு வைத்த புரொஜெக்டருக்குள் இருப்பது பெரும்பாலும் உயர் அழுத்தப் பாதரச ஆவி விளக்கு. எரியும்போது அதற்குள் அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைப் போல 200 மடங்கு அளவுக்கு எகிறும். பாதரசம் முழுதும் ஆவியாகி வெளிச்சம் நிலைபெற நேரம் பிடிக்கும். அணைத்த பிறகும் விசிறி ஓடி அதைக் குளிர்விக்க வேண்டும். சூடாக இருக்கும்போதே மறுபடி ஏற்றப் பார்த்தால், அந்த அழுத்தத்தில் மின்பொறி பாயாது, விளக்கு பற்றாது.

அதனால்தான் பிஜேலிங்கில் 'எப்படி இருக்கிறாய்?' என்ற கேள்விக்கு இரண்டு பதில் அல்ல, நான்கு பதில்கள் உண்டு. 0 அணைந்திருக்கிறேன். 1 எரிகிறேன். 2 குளிர்ந்துகொண்டிருக்கிறேன். 3 சூடேறிக்கொண்டிருக்கிறேன். 2-லோ 3-லோ இருக்கும்போது உள்ளீட்டை மாற்று என்றால் 'இப்போது முடியாது' என்று ஒரு பிழைப் பதில் வரும். புதியவர்கள் இதைப் பழுது என்று நினைத்து மின்சாரத்தைப் பிடுங்கிச் செருகுவதைப் பார்த்திருக்கிறேன். மனசு பதறும். காத்திருந்து திரும்பக் கேட்டாலே போதும்.

ஆக, நல்ல கட்டுப்பாட்டு நிரல் செய்வது இதுதான்: ஆன் சொல்லும், சில நொடிக்கு ஒருமுறை நிலையைக் கேட்கும், 1 என்று வந்த பிறகே அடுத்த கட்டளைக்குப் போகும். இப்படித் திரும்பத் திரும்பக் கேட்பதை போலிங் என்பார்கள். லேசர் ஒளி வைத்த புரொஜெக்டர்களில் இந்தக் காத்திருப்பு மிகவும் குறையும்.

பன்னிரண்டையும் ஒன்றாக

ஒன்றைக் கட்டுப்படுத்தத் தெரிந்தால் பன்னிரண்டும் அதே மாதிரிதானே என்று தோன்றும். பாதி உண்மை.

வகுப்பில் ஆசிரியர் வருகைப் பதிவு எடுக்கிறார். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, 'உள்ளேன் ஐயா' கேட்ட பிறகே அடுத்த பெயர். மூன்றாவது மாணவன் வரவில்லை. ஆசிரியர் அவனுக்காக இருபது நொடி காத்திருந்தால், நான்காவதிலிருந்து பன்னிரண்டாவது வரை எல்லோரும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். வரிசையாகக் கட்டளை அனுப்பும் எளிய நிரலிலும் இதேதான் நடக்கும். மூன்றாவது புரொஜெக்டரின் கேபிள் கழன்றிருந்தால், இடதுபுறம் இரண்டு திரை மட்டும் எரிந்துவிட்டு மற்றதெல்லாம் இருட்டில் கிடக்கும். பார்ப்பவர்களுக்கு பத்துப் புரொஜெக்டர்கள் பழுதானது போலத் தோன்றும். உண்மையில் பழுது ஒரே ஒரு கேபிளில்.

தீர்வு இரண்டு. எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று ஒரு வரம்பு வைப்பது, மூன்று நான்கு நொடி போதும். இதற்கு டைம்அவுட் என்று பெயர். இரண்டாவது, பன்னிரண்டு பேரிடமும் தனித்தனியாக, ஒரே சமயத்தில் பேசுவது. கணினிக்கு அது சிரமமே இல்லை, ஒவ்வொரு புரொஜெக்டருக்கும் ஓர் உரையாடலைத் தனியே திறந்துவைத்துக்கொள்ளும். ஒருவர் பேசாவிட்டாலும் மற்றவர்களுக்குத் தடை இல்லை.

"ஒரே கட்டளையை எல்லாருக்கும் ஒரே தடவையில் கத்திச் சொல்லிட முடியாதா?" என்று கேட்கலாம். மேடை விளக்குகளுக்கான டிஎம்எக்ஸ் முறை கிட்டத்தட்ட அப்படித்தான்: 512 தடங்களின் மதிப்பை நொடிக்குப் பலமுறை எல்லோருக்கும் ஓதிக்கொண்டே இருக்கும். சில பெரிய புரொஜெக்டர்கள் அதையும் ஏற்கும், மேடை விளக்கோடு சேர்ந்து இயங்க வசதி. ஆனால் அதில் பதில் கிடையாது. திரும்பவும் காதில்லாத ரிமோட்டிடம் போய் நிற்கிறோம்.

ஒரே சமயத்தில் பேசலாம் என்றாலும், ஒரே நொடியில் பன்னிரண்டையும் எழுப்ப வேண்டாம். விளக்கு பற்றும்போது மின்னோட்டம் சட்டென்று எகிறும். எல்லாம் ஒரே மின்வழியில் இருந்தால் பாதுகாப்புச் சுவிட்ச் விழுந்துவிடக்கூடும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஓரிரு நொடி இடைவெளி விட்டு எழுப்புங்கள். பார்க்கவும் அழகாக இருக்கும், இடமிருந்து வலமாகத் திரைகள் ஒவ்வொன்றாக விழிப்பது.

இதற்கெல்லாம் நிரல் எழுதித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. எப்சன், பானசோனிக் போன்ற நிறுவனங்கள் தங்கள் புரொஜெக்டர்களைக் கூட்டமாகக் கவனிக்க மென்பொருள் தருகின்றன. கிரெஸ்ட்ரான், எக்ஸ்ட்ரான் போன்றவற்றின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் அரங்குகளில் பரவலாக உண்டு. அவை எல்லாம் உள்ளே செய்வதும் நாம் மேலே பார்த்த அதே உரையாடல்தான். அது தெரிந்திருந்தால், திரையில் சிவப்புப் புள்ளி வரும்போது எங்கே பார்ப்பது என்று தெரியும்.

ஒன்று மட்டும் இங்கே கலந்துவிட வேண்டாம். பன்னிரண்டு படங்களை ஓரம் தெரியாமல் ஒட்டி ஒரே பெரிய படமாக்குவது தனிக் கலை. அது படம் போகும் பாதையில் நடப்பது, நாம் பேசும் கட்டளைப் பாதைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அணைப்பதா, மறைப்பதா?

நிகழ்ச்சி நடுவே இரண்டு நிமிடம் திரை இருட்டாக வேண்டும். ஆஃப் அனுப்பினால் குளிர்ந்து, மறுபடி சூடேறி வருவதற்குள் அந்தக் காட்சியே முடிந்திருக்கும். இதற்குத்தான் படத்தை மறைக்கும் கட்டளை. பெரிய புரொஜெக்டர்களில் ஒளியின் பாதையை ஒரு தகடு வந்து அடைக்கும், அதை ஷட்டர் என்பார்கள். விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், திறந்ததும் உடனே படம். கணினியிலிருந்து கருப்புப் படம் அனுப்பினால் ஆகாதா என்றால், இருட்டு அரங்கில் அந்தக் கருப்பு சாம்பல் நிறமாகத் தெரியும். ஷட்டரின் கருப்புதான் கருப்பு.

பூட்டி வையுங்கள்

பிஜேலிங்கில் கடவுச்சொல்லை மறைக்கும் வழி இருந்தாலும் கட்டளைகள் வெளிப்படையாகவே போகின்றன. கடவுச்சொல்லே போடாமல் விட்டால், அதே நெட்வொர்க்கில் இருக்கும் எவரும் உங்கள் திரைகளை அணைக்கலாம். பார்வையாளர்கள் வைஃபையில் இணையும் அதே நெட்வொர்க்கில் புரொஜெக்டர்களை வைக்காதீர்கள், தனி ஸ்விட்ச் போடுங்கள். இணையத்துக்கு அவற்றைத் திறந்துவிடவே விடாதீர்கள். வேறு ஊரிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் அரங்கில் உள்ள கணினிக்குப் பாதுகாப்பாக நுழைந்து, அதன் வழியாகப் பேசுங்கள்.

முதல் நாள் எங்கே தொடங்குவது

பன்னிரண்டையும் ஒரே நாளில் இணைக்க வேண்டாம். ஒன்றை எடுங்கள். அதை மேசையில் வைத்து, லேன் என்று எழுதியிருக்கும் வாயில் கேபிளைச் செருகுங்கள். மெனுவில் நிரந்தர முகவரி கொடுங்கள், ஸ்டாண்ட்பையில் நெட்வொர்க் விழித்திருக்கும்படி வையுங்கள், பிஜேலிங்கை இயக்குங்கள். கணினியிலிருந்து அந்த முகவரியை பிங் செய்து பாருங்கள், அதாவது 'இருக்கிறாயா?' என்று மட்டும் தட்டிப் பாருங்கள். பதில் வராமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

பதில் வந்தால், கட்டளை அனுப்புவதற்கு முன் கேள்வியை அனுப்புங்கள். அணைந்திருக்கும் புரொஜெக்டர் 0 என்று சொல்லும். இப்போது ஆன் அனுப்புங்கள். 'சரி' வரும். மறுபடி கேளுங்கள், 3. லென்ஸில் மங்கலாக ஒரு நீல வெளிச்சம் எட்டிப்பார்க்கும். மறுபடி கேளுங்கள், 3. விசிறியின் சத்தம் மாறும். மறுபடி கேளுங்கள், 1.

சுவரில் படம் விழுந்திருக்கும். அடுத்து அதை அணைத்து, 2 என்ற பதில் எவ்வளவு நேரம் நீடித்து 0 ஆகிறது என்று கடிகாரத்தில் பார்த்துக் குறித்துவையுங்கள். உங்கள் மாடலுக்கு எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்பது அந்தக் குறிப்பில் இருக்கிறது. அதன் பிறகு இரண்டாவது புரொஜெக்டரின் கேபிளை எடுங்கள்.